காரணம்: ஒரே சொல்லில்

— இதுவரைக்கும் எழுதினதைப் படிக்கிறேன், சரியா இருக்கான்னு கேட்டுக்குங்கம்மா. 'அறையில் இருந்தோர் விவரம். மேசைக்குப் பின்னால், சன்னலுக்கு முதுகு காட்டி, இல்லத்தின் எழுத்தர். எதிரே, கைப்பிடி இல்லாத நாற்காலியில், பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்க வந்த வளர்ப்புத் தாய். பக்கத்து நாற்காலியில் அவருடைய கைப்பை. கதவுக்கு வெளியே, நடைக்கூடத்துப் பெஞ்சில், பிள்ளை. வயது பதினொன்று. துணிப்பையை மடியில் வைத்திருக்கிறாள்.'

— அவளை எதுக்குங்க எழுதறீங்க? அவ வெளியிலதான இருக்கா.

— காதுக்கு எட்டற தூரத்துல இருக்கறவங்க எல்லாரும் இருந்தவங்கதான். அதுதான் முறை.

— அப்போ கதவைச் சாத்திடுங்களேன்.

— சாத்தினா நிக்காது. போன மழையில மரம் உப்பிப்போச்சு, தானாத் திறந்துக்கும். எழுதிப் போட்டிருக்கேன், தச்சர் வரல. வீட்டுக்காரர் எங்கம்மா?

— வண்டியில உக்காந்திருக்கார். இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் வர அவருக்கு மனசு தாங்காது.

— 'வளர்ப்புத் தந்தை வரவில்லை. மனம் தாங்காது.' எழுதிட்டேன்.

— ஐயோ, அதையெல்லாமா எழுதுவாங்க?

— சொன்னதைத்தான் எழுதறேன். வரிசையா வருவோம். ஏழாவது கேள்வி. 'திருப்பி ஒப்படைக்கும் காரணம், ஒரே சொல்லில்.'

— ஒரே சொல்லா? நான் நாலு பக்கம் எழுதிக் கொண்டு வந்திருக்கேனே.

— எல்லாரும் நாலு பக்கம்தான் கொண்டு வருவாங்க. முதல் வரி 'நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல'ன்னு இருக்கும்.

— என்னோட முதல் வரியும் அதுதாங்க.

— தெரியும்மா. அதைப் படிச்சுப் படிச்சுத்தான் மேலதிகாரி ஒரே சொல்னு கொண்டு வந்தார். அதுக்காக நான் ஒரு நோட்டே போட்டு வச்சிருக்கேன். சொல், பொருள், பயன்படுத்தும் விதம்னு மூணு பத்தி. ஸ்கேல் வச்சு அடிச்ச கோடு. நான் படிச்சது சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம்தான், ஆனா கோடு கோணினா வாத்தியார் விரல் கணுவுல போடுவார். இன்னைக்கு வரைக்கும் நாப்பத்தோரு சொல் ஆகியிருக்கு. 'திருடுகிற.' 'பொருந்தாத.' 'படுக்கையை நனைக்கிற.' அதை ஒரே சொல்லுன்னு ஒத்துக்க வைக்கறதுக்கு மேலிடத்துக்கு ஆறு கடிதம் போட்டேன்.

— இவ திருடமாட்டாங்க. சத்தியமாச் சொல்றேன், ஒரு குண்டூசி எடுக்கமாட்டா.

— அப்போ அது இல்ல. எதுன்னு சொல்லுங்க.

— அவ அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கா.

— அது வாக்கியம்.

— வேளைக்கு ஒரு வேஷம்.

— அது வசவு.

— பச்சோந்தி.

— அது பிராணி. பிள்ளைக்கு எதிரா அதை எழுதினா என் வேலை போயிடும்.

— சபலம்னு போடலாமா?

— அது வயசுவந்த ஆம்பிளைங்களுக்கு. பதினோரு வயசுப் பொண்ணுக்குப் போட்டா படிக்கறவன் வேற எதையாவது நினைப்பான்.

— சஞ்சலம்?

— சஞ்சலம் அவளுக்கு உள்ள இருக்கறது. இந்தக் கேள்வி அவளால உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு கேக்குது.

— நீங்கதான சொல்லுல பெரிய ஆளு. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க.

— 'நிலையற்ற.'

— நிலையற்ற...

— பொருள், அடிக்கடி மாறுகிற. இன்று இருந்தபடி நாளைக்கு இல்லாத. பயன்படுத்தும் விதம், நிலையற்ற வானிலை, நிலையற்ற விலை, நிலையற்ற வேலை. மழைக்கும் சந்தைக்கும் சொல்லியாச்சு. ஒரு பிள்ளைக்குச் சொல்லி இந்த இல்லத்துல யாரும் எழுதினதில்ல. நாப்பத்திரண்டாவது சொல். நீங்கதான் முதல்.

— பரிசு குடுக்கற மாதிரி சொல்றீங்க.

— புதுப் பக்கத்துல எழுத்து சுத்தமா வரும், அவ்வளவுதான். சொல்லுக்கு ஆதாரமா மூணு சம்பவம் வேணும். சொல்லுங்க.

— சாப்பாட்டையே எடுத்துக்குங்க. வந்த புதுசுல தட்டுல எது வச்சாலும் வழிச்சுச் சாப்பிடுவா. அவர் ஒரு நாள் விளையாட்டுக்கு, 'காணாததைக் கண்ட மாதிரி சாப்பிடறியே'ன்னுட்டார். மறுநாள்லருந்து பாதித் தட்டு அப்படியே இருக்கு. நான், 'என்னடி, வீணாக்கறே'ன்னு ஒரு அதட்டல் போட்டேன். அப்புறம் பாருங்க, அவர் கூட உக்காந்தா மிச்சம் வைக்கறா, நான் மட்டும் இருந்தா தட்டையே துடைச்சு வைக்கறா. போன வாரம் பக்கத்துல வந்து நின்னு கேக்கறா, 'இன்னைக்கு எனக்குப் பசிக்கணுமா, வேண்டாமா?'ன்னு.

— ஒண்ணு. அடுத்தது.

— கூப்பிடறது. முதல்ல 'அம்மா'ன்னா. அப்புறம் 'ஆன்ட்டி'ன்னா. இப்போ எதுவும் சொல்றதில்ல. பின்னாடி வந்து நின்னு தொண்டையைக் கனைக்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போடுது.

— 'அம்மா' எப்போ நின்னுது?

— அது... கடைத்தெருவுல என் கூட வேலை பாக்கறவ எதிர்ல வந்துட்டா. 'இது யாரு, திடீர்னு?'ன்னு கேட்டுட்டா. வீட்டுக்கு வந்ததும், 'நாலு பேர் முன்னாடி அம்மான்னு கூப்பிடாதே'ன்னு இவகிட்டச் சொல்லிட்டேன்.

— 'ஆன்ட்டி' எப்போ நின்னுது?

— வீட்டுக்குள்ளயும் ஆன்ட்டின்னே ஆரம்பிச்சுட்டா. எனக்குச் சுருக்குன்னு வந்துது. 'பெத்தவ மாதிரிப் பாத்துக்கறேன், ஆன்ட்டியாம் ஆன்ட்டி'ன்னு கத்திட்டேன்.

— ரெண்டு. நல்லா இருக்கு.

— இதுல என்ன நல்லா இருக்கு?

— சம்பவம் தெளிவா இருக்கும்மா. நாள், இடம், யார் என்ன சொன்னாங்க, எல்லாம் இருக்கு. முக்கால்வாசிப் பேர் மூக்கைச் சிந்திக்கிட்டு, தலையும் இல்லாம வாலும் இல்லாமச் சொல்லுவாங்க. மூணாவது?

— எழுத்து. பள்ளிக்கூடத்துல டீச்சர் என்னை வரச் சொல்லி நோட்டை விரிச்சுக் காட்டறாங்க. ஒரு பக்கம் அப்படியே என் எழுத்து, சாய்ஞ்சு சாய்ஞ்சு. அடுத்த பக்கம் அவர் எழுத்து, குண்டு குண்டா. 'வீட்டுப்பாடத்தை நீங்க ரெண்டு பேரும் முறை வச்சு எழுதிக் குடுக்கறீங்களா?'ன்னு கேட்டாங்க. மானமே போச்சு.

— எழுத்து மாறறது எனக்கே ஆகாது. மூணு ஆச்சு. போதும்.

— போதாதுங்க. இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லாமப் போனா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும்.

— நாலாவதுக்குப் படிவத்துல இடமில்ல.

— எழுத வேண்டாம். கேளுங்க, போதும்.

— சரி, பேனாவை மூடிட்டேன். சொல்லுங்க.

— எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஒம்பது வயசுல காய்ச்சல்ல போயிட்டா. மூணு வருஷம் ஆச்சு. போட்டோவெல்லாம் பீரோவுல பூட்டி வச்சிருந்தேன். அவர்தான் எடுத்து இவளுக்குக் காட்டியிருக்கார், எனக்குத் தெரியாம. ஒரு நாள் சாயங்காலம் அவர் வேலை முடிச்சு வர்றார். இவ போட்டோவுல இருக்கற மாதிரியே ரெட்டைச் சடை பின்னி, மடிச்சுக் கட்டி, வாசல்ல நின்னு, 'அப்பா, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?'ங்கறா. அது என் பொண்ணு கேக்கற கேள்வி.

— அவர் என்ன பண்ணார்?

— கையில இருந்ததெல்லாம் கீழ போட்டுட்டு அவளைக் கட்டிக்கிட்டு அழுதார். மூணு வருஷமா என் முன்னாடி ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன்.

— நீங்க?

— அறைஞ்சேன். சடையைப் பிடிச்சு அவிழ்த்துவிட்டேன். 'என் பொண்ணு மாதிரி நிக்காதே'ன்னேன். மறுநாள் ஒத்தைச் சடை. அதைப் பாத்து அவர் முகம் செத்துப்போச்சு. அன்னையிலருந்து அவர் வண்டிச் சத்தம் கேட்டா ரெட்டைச் சடை, நான் சமையலறையை விட்டு வெளிய வந்தா ஒத்தைச் சடை. ஒரே சாயங்காலத்துல நாலு தடவை பின்னுவா. பின்னறா, அவிழ்க்கறா, பின்னறா, அவிழ்க்கறா. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுதுங்க. சீப்புலருந்து தினம் நான்தான் எடுத்துப் போடறேன். என்னால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. சத்தியமா நான் கல்நெஞ்சக்காரி இல்ல.

— புரியுது. 'ஒரே நாளில் நான்கு முறை வரை மாறுகிறாள்.'

— எழுதமாட்டேன்னு சொன்னீங்க!

— சம்பவத்தை எழுதல. எண்ணிக்கையை மட்டும் சேத்துக்கிட்டேன். சொல்லுக்கு வலு வேணுமில்ல?

— உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா சார்?

— இல்லம்மா. இருந்திருந்தா எழுத்து கெட்டுப் போயிருக்கும். எட்டாவது கேள்வி. 'பிள்ளையுடன் ஒப்படைக்கும் பொருட்கள்.'

— நாங்க எடுத்துக் குடுத்த துணியெல்லாம் இருக்கு, ஒரு பெட்டி நிறைய. ஆனா அவ எதையும் எடுத்துக்கல. வந்தப்போ கொண்டு வந்த பையை அவளே கட்டி வச்சுட்டா. நான் இன்னும் வாயே திறக்கல, காலையில எழுந்து பாக்கறேன், பையோட உக்காந்திருக்கா. எப்படித்தான் தெரிஞ்சுதோ.

— முந்தின நாள் என்ன நடந்துது?

— ஒண்ணும் நடக்கல. நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். முதல் தடவையா.

— அதான். கடைசி நாள்ல எல்லாரும் வாரிவிடுவாங்க. அவளுக்கு அது பழக்கம்.

— எல்லாரும்னா? இதுக்கு முந்தி எத்தனை வீடு?

— கோப்பு இருக்கு. கூட்டிட்டுப் போனப்போ நீங்க கேக்கல. முதல் வீடு, ஆறு வயசுல. காரணம், 'பிடிவாதம்.' ரெண்டாவது வீடு, காரணம், 'ஊமை.' பேசத் தெரியும். ஆனா எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டறாளாம், வேணும் வேண்டாம்னு ஒரு வார்த்தை வராதாம். மூணாவது வீடு, காரணம், 'வாயாடி.' காலையில கண்ணு முழிச்சா வாய் ஓயாதாம், காதுல பஞ்சு வச்சுக்க வேண்டியிருக்குன்னு அந்த அம்மா எழுதியிருக்காங்க.

— பிடிவாதக்காரி எப்படிங்க ஊமையாவா? ஊமை எப்படி வாயாடியாவா?

— திரும்பி வர்றப்போ ஒவ்வொரு தடவையும் இந்த மேசைக்கு முன்னாடி நிக்க வச்சு, சொல்லைப் படிச்சுக் காட்டுவோம். பொருளை விளக்குவோம். புரிஞ்சுதுன்னு கையெழுத்து வாங்குவோம். தன்னைத் திருத்திக்கட்டும்னுதான்.

— திருத்திக்கிட்டுத்தான சார் வந்திருக்கா! ஒவ்வொரு தடவையும்!

— ஆமா. இவ்வளவு சீக்கிரம் திருந்தற பிள்ளை இந்த இல்லத்துல வேற இல்ல. ஆனா 'திருந்தினாள்'ங்கறதுக்குப் படிவத்துல கட்டம் கிடையாது.

— அப்போ, இப்ப இவளுக்கு அடுத்த வீடு எது?

— அடுத்த வீடு இல்லம்மா. நாலு தடவை திரும்பி வந்த பிள்ளையைக் குடும்பத்துக்குக் குடுக்கறதில்ல. பெரிய விடுதிதான். நூத்தம்பது பிள்ளைங்க, வரிசைக் கட்டில், பதினெட்டு வயசு முடியற வரைக்கும். இதை வச்சு அவங்களுக்கு ஒரு கடிதமும் எழுதிக்கிட்டிருக்கேன். நாலு மணிக்குத் தபால் வண்டி வாசல்ல வந்து நிக்கும். பையில விழுந்துட்டா பிள்ளை அவங்க கணக்கு. அப்புறம் நீங்களே கால்ல விழுந்து கேட்டாலும் தரமாட்டாங்க.

— இதை ஏன் முன்னாடியே சொல்லல?

— நீங்க உள்ள வந்த கதவுல ஒட்டியிருக்கு. பெரிய எழுத்துல, நானே எழுதினது.

— கொஞ்சம் இருங்க. அவர் ஹாரன் அடிக்கறார்.

— மனசு தாங்கல போலருக்கு. நாழியாகுது, பிள்ளையைக் கூப்பிடறேன். உள்ள வாம்மா. பையை அங்கயே வச்சுட்டு வா. சரி சரி, பையோடவே வா.

— வணக்கம் சார்.

— எங்க நிக்கணும்னு தெரியுமில்ல?

— தெரியும் சார். தரையில வெடிப்பு இருக்கற இடத்துல.

— நேரா நில்லு. இந்தத் தடவை உன் சொல் 'நிலையற்ற.' எங்க, சொல்லு.

— நிலையற்ற.

— பொருள், அடிக்கடி மாறுகிற. பயன்படுத்தும் விதம், 'இந்தப் பிள்ளை நிலையற்றவள். காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி.' புரிஞ்சுதா?

— மழை வெயில் மாதிரியா சார்?

— அதேதான்.

— போன தடவை 'வாயாடி' சார். அதை நிறுத்திட்டேன். வேணும்னா இவங்களையே கேட்டுப் பாருங்க.

— ஆமா கண்ணு. நீ வாயே திறக்கறதில்ல.

— அப்போ இதுக்கு என்ன பண்ணணும் சார்?

— மாறக் கூடாது. ஒண்ணு சொன்னா அதுலயே நிக்கணும். எதிர்ல இருக்கறவங்க சிரிக்கறாங்களா, முறைக்கறாங்களான்னு முகத்தை முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது.

— அழுதா?

— அழுதாக் கூட. சொன்னது சொன்னதுதான்.

— அப்படி இருந்தா என்னைக் கூட்டிட்டுப் போவாங்களா சார்?

— மாறாத பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது? இங்க ரெண்டு வரி இருக்கு, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு.

— 'சொல்லின் பொருளைப் புரிந்துகொண்டேன். பெரிய விடுதிக்குச் செல்லச் சம்மதிக்கிறேன்.' யார் எழுத்துல போடட்டும் சார்?

— உன் எழுத்துல போடு.

— ...

— என்ன யோசனை? சும்மா போடு. ம். என்ன இது, கடைசிச் சுழி என்னோடது மாதிரியே இருக்கு?

— இங்க நீங்கதான சார் இருக்கீங்க.

— அழகாத்தான் இருக்கு. சரி, கடிதத்தை ஒரு தடவை படிச்சுடறேன். 'பெரிய விடுதியின் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, வணக்கம். இப்பிள்ளை நான்காம் முறையாகத் திருப்பி ஒப்படைக்கப்பட்டவள். உடல்நலம் நன்று. முடி சற்று உதிர்கிறது. காரணம்: நிலையற்ற. சொல்லின் பொருள் விளக்கப்பட்டது, ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டாள். ஒரு கட்டிலும் ஒரு போர்வையும் ஒதுக்கி உதவ வேண்டுகிறேன்.' விட்டுப்போனது ஏதாவது இருக்காம்மா?

— ...

— இல்லைன்னு எடுத்துக்கறேன். மடிச்சாச்சு. பசை போட்டாச்சு. முத்திரையும் ஆச்சு. அதோ, தபால் வண்டியும் வந்துடுச்சு.

— ஒட்டாதீங்க சார்!

— ஒட்டிட்டேனே.

— குடுங்க அதை, கிழிச்சுப் போடறேன். நான் கூட்டிட்டுப் போறேன். அவர் என்ன சொன்னாலும் சரி, நான் கூட்டிட்டுப் போறேன்.

— அம்மா, வரிசையா வருவோம்...

— வரிசையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! அவ என்ன பாவம் பண்ணா? எங்க ரெண்டு பேர் முகத்தையும் பாத்துப் பாத்துத்தான இப்படி ஆயிட்டா? ஆடத் தெரியாம ஆடிட்டு, கூடம் கோணல்னு சொல்ல வந்திருக்கேன் நான்.

— வண்டி கிளம்பற வரைக்கும் நிறுத்தலாம். அதுக்கும் விதி இருக்கு. ஆனா பத்து வயசு தாண்டின பிள்ளை, அவ வாயால 'கூட வர்றேன்'னு சொல்லணும். சொன்னா கவரை உங்க கையில குடுத்துடறேன்.

— கண்ணு, இங்க பாரு. என்னைப் பாரு. நீ எந்தச் சடை வேணும்னாலும் போட்டுக்க. கடைத்தெருவுல ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி அம்மான்னு கூப்பிடு. வர்றேன்னு சொல்லு, போதும்.

— விடுதிக்குப் போறேன்னு சொல்லிட்டேனே.

— அதைக் கிழிச்சுடலாம். வர உனக்கு ஆசையா இல்லையா?

— இருக்கு.

— அப்புறம் என்ன? சொல்லேன்!

— நீங்க அழறீங்க.

— ஆமாடா, அழறேன். உனக்காகத்தான் அழறேன்.

— அழுதாக் கூட மாறக் கூடாது. சார் சொன்னாங்க.

— அந்தாளு சொன்னதை விடு! சார், நீங்களாவது சொல்லுங்க. இது பரீட்சை இல்ல, நிஜம்னு சொல்லுங்க!

— நான் சொல்லி அவ சரின்னா அது சம்மதம் ஆகாதும்மா. அவளாத்தான் சொல்லணும். வண்டிக்காரர் மணி அடிச்சுட்டார். ஏய், கவரை எதுக்கு எடுக்கறே? எங்க ஓடறே?

— கண்ணு! நில்லு! வேண்டாம், நில்லுடா! சார், அந்த வண்டியை நிறுத்தச் சொல்லுங்க!

— இருங்க, சன்னல்ல பாக்கறேன். குடுத்துட்டா. வண்டிக்காரர் வாங்கிப் பையில போட்டுட்டார். வண்டி முனை திரும்பிடுச்சும்மா.

— ஐயோ...

— குடுத்துட்டேன்! நானே ஓடிப்போய்க் குடுத்துட்டேன்! நீங்க அவ்வளவு அழுதும் நான் மாறவே இல்ல, பாத்தீங்களா? இப்போ வீட்டுக்குப் போலாமா, அம்மா?